திருவள்ளூர்ப் பகுதியில் வேளாண் மேலாண்மையும் பண்ணை அமைப்பின் மாற்றமும்

வேளாண் மேலாண்மைத் திறன் என்பது நிலம், நீர், உழைப்பு, பணம், காலம் ஆகிய ஐந்தையும் ஒன்றோடொன்று பொருந்தும்படி முடிவெடுத்து நடத்தும் ஆற்றல் ஆகும். பண்ணை அமைப்பு என்பது நிலம் யாரிடம் இருக்கிறது, எந்த அளவில் இருக்கிறது, யார் உழைக்கிறார்கள், யார் முடிவெடுக்கிறார்கள் என்பவற்றின் தொகுப்பு. இந்த இரண்டும் எவ்வாறு ஒன்றையொன்று மாற்றின என்பதைத் திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களின் வரலாற்றைக்கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. 1997-இல் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை திருவள்ளூர் செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. எனவே பழைய செய்திகள் பலவும் செங்கல்பட்டு என்ற பெயரிலேயே கிடைக்கின்றன.

மேலாண்மைத் திறன் என்றால் என்ன?

ஒரே ஏரியின் பாசனத்தில், ஒரே மண்ணில், ஒரே விதையை இருவர் விதைத்தாலும் இருவருக்கும் ஒரே விளைச்சல் கிடைப்பதில்லை. ஒருவர் நாற்று முற்றுவதற்குள் நடுகிறார். மற்றவர் ஆள் கிடைக்காமல் பத்து நாள் தாமதிக்கிறார். ஒருவர் நெல்லைக் களத்திலேயே வியாபாரிக்கு அளந்துவிடுகிறார். மற்றவர் காயவைத்து நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார். நிலமும் முதலும் சமமாக இருந்தும் வருமானம் வேறுபடுவதற்கு இத்தகைய முடிவுகளே காரணம்.

பொருளியலார் நெடுங்காலம் நிலம், உழைப்பு, முதல் என்ற மூன்றையே கணக்கில் எடுத்தனர். இசுரேலியப் பொருளியலாளர் யாயர் முண்ட்லாக் 1961-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், கணக்கில் வராத மேலாண்மைத் திறனைக் கருதாமல் விட்டால் மற்றக் கணக்குகளும் பிழையாகும் என்று காட்டினார். அமெரிக்கப் பொருளியலாளர் தியோடர் ஷூல்ட்ஸ் 1964-இல் எழுதிய நூலில், மரபு வேளாண்மை செய்யும் உழவர் ஏழையாக இருந்தாலும் தம்மிடம் உள்ளதைத் திறமையாகவே பயன்படுத்துகிறார் என்று வாதிட்டார். உத்தரப் பிரதேசத்தின் சேனாப்பூர் என்ற ஊர் அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. சூழல் மாறும்போது மாற்றத்தைக் கண்டுணர்ந்து அதற்கேற்ப முடிவை மாற்றும் ஆற்றலுக்குத் தனி மதிப்பு உண்டு என்பதையும் அவர் பின்னர் விளக்கினார். 1979-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

இந்தக் கருத்துகளோடு நாம் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. திறன் ஒருவரிடம் இருந்து, முடிவெடுக்கும் உரிமை வேறொருவரிடம் இருந்தால் என்ன ஆகும்? திருவள்ளூர்ப் பகுதியின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வி தொடர்ந்து வருகிறது.

ஊர் நடத்திய பண்ணையம்

தொண்டை மண்டலத்தில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் பேராறு கிடையாது. ஆரணியாறும் கொசத்தலையாறும் மழைக்காலத்தில் பெருகி, கோடையில் மணலாகக் கிடப்பவை. ஆகவே இங்கு வேளாண்மை ஏரியை நம்பி வளர்ந்தது. ஒரு ஏரியின் உபரி நீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். வரத்துக்கால், கரை, மதகு, கலங்கல் ஆகியவற்றில் எது கெட்டாலும் ஒருவருடைய வயல் மட்டுமன்றி ஊர் முழுவதும் பாதிக்கப்படும். எனவே நீர் மேலாண்மை தனி உழவரின் வேலையாக இருக்க முடியவில்லை. அது ஊரின் வேலையாக இருந்தது.

இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று, அதே தொண்டை மண்டலத்தைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இவை, ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலை முறையில் ஓராண்டுக்குத் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வர முடியாது. பதவிக் காலம், தகுதி, கணக்கு ஒப்படைப்பு என மேலாண்மைக்கு வேண்டிய ஒழுங்குகள் அன்றே வகுக்கப்பட்டிருந்தன.

அன்றாட நீர்ப் பங்கீட்டைக் கவனித்தவர் நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி, கம்புகட்டி என்று இடத்துக்கு இடம் வெவ்வேறு பெயரால் அழைக்கப்பட்டார். எந்த மதகை எத்தனை நாழிகை திறப்பது, கடைமடைக்கு நீர் எப்போது சேரும், இந்த ஆண்டு ஏரியில் உள்ள நீர் எத்தனை காணிக்குப் போதும் என்பன அவர் அறிந்த கணக்கு. அவருக்கு விளைச்சலில் ஒரு பங்கு கிடைத்தது.

நிலத்திலும் இத்தகைய ஊர் ஏற்பாடு ஒன்று இருந்தது. ஊர் நிலம் பங்குகளாக வகுக்கப்பட்டு, சில ஊர்களில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்காளிகளுக்குள் மாற்றி அளிக்கப்பட்டது. இதற்குக் கரையீடு என்று பெயர். மதகடி நிலம் என்றும் ஒருவருக்கே, கடைமடை நிலம் என்றும் இன்னொருவருக்கே என்ற நிலை வராமல் இது தடுத்தது. அத்துடன் ஏரி முழுவதன் நலத்திலும் எல்லாப் பங்காளிகளுக்கும் அக்கறை இருந்தது. நாளைக்குக் கடைமடை தன் கைக்கு வரலாம் என்பதை ஒவ்வொருவரும் அறிவர் அல்லவா?

மிராசும் படியாளும்

இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக மட்டும் எழுதிவிடக் கூடாது. பங்கு உடையவர்கள் மிராசுதாரர்கள். அவர்களுக்குக் கீழே பாயகாரிகள் எனப்பட்ட குத்தகைக் குடிகள் இருந்தனர். ஊரிலேயே தங்கியவர் உள்குடிப் பாயகாரி. வெளியூரிலிருந்து வந்து பயிரிட்டவர் பரகுடிப் பாயகாரி. எல்லோருக்கும் கீழே பண்ணையாள், படியாள் எனப்பட்டோர் இருந்தனர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்கள். சென்னைக் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ், தொண்டை மண்டல மிராசு உரிமை குறித்து விரிவாக எழுதியது 1818-இல் அச்சாயிற்று.

உழவு, விதைப்பு, நாற்றங்கால், நீர் கட்டுதல், களை, அறுவடை ஆகிய எல்லாவற்றையும் கைப்பழக்கத்தால் அறிந்தவர் படியாள். ஆனால் எதைப் பயிரிடுவது, விளைந்ததை என்ன செய்வது என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. நிலம் வாங்கவும் வழியில்லை. தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்தாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் 1891-இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் இந்த நிலையை விரிவாகப் பதிவு செய்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 நாளிட்ட அரசாணைகள் பிறந்தன. அவற்றின்படி ஒதுக்கப்பட்ட நிலங்களே இன்று பஞ்சமி நிலம் எனப்படுகின்றன. அந்நிலங்களில் பல பின்னர் பிறர் கைக்குப் போனதும், அவற்றை மீட்கக் கோரி 1994-இல் செங்கல்பட்டு வட்டாரத்தில் போராட்டம் நடந்து துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்ததும் பிற்கால வரலாறு.

இந்த அனுபவம் சொல்வது இது: திறன் இருந்தும் உரிமை இல்லாவிட்டால், அத்திறன் பண்ணை அமைப்பை மாற்றாது, பிறருடைய பண்ணையையே வளர்க்கும்.

பட்டாவும் குடிமராமத்தும்

ஆற்காட்டு நவாபு முகமது அலி 1763-இல் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் இந்த ஜாகீரின் சுமார் 2,000 ஊர்களை அளவிட்டார். ஒவ்வொரு ஊரிலும் விளைச்சலிலிருந்து கணக்கர், தச்சர், கொல்லர், நீர் கவனிப்பவர், கோயில் போன்றோருக்கு ஒதுக்கப்பட்ட பங்குகள் இந்த அளவையில் பதிவாயின. வேளாண்மை ஒரு குடும்பத்தின் தொழிலாக மட்டும் இல்லாமல் பல தொழிலாளரைச் சேர்த்த ஒரு நிறுவனம்போல் நடந்தது என்பதை இப்பதிவுகள் காட்டுகின்றன.

1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஐதர் அலியுடன் நடந்த போரால் சீர்குலைந்த ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் முனைந்தார். வரியை உயர்த்துவதிலும் அதே அளவு முனைந்தார். பூவிருந்தவல்லிப் பகுதி மிராசுதாரர்கள் இதை எதிர்த்து ஊரை விட்டு வெளியேறினர். பிளேஸ் சிலருடைய உரிமையைப் பறித்து வேறு குடிகளிடம் ஒப்படைத்தார். பயிரிடும் முடிவில் அரசு நேராகத் தலையிடும் காலம் தொடங்கிவிட்டது.

அதன்பின் நிலைபெற்ற இரயத்துவாரி முறையில் ஒவ்வொரு பட்டாதாரரும் தம் நிலத்துக்குத் தனித்தனியே அரசுக்கு வரி கட்டினார். நிலத்தின் மேலாண்மை குடும்பத்தின் கைக்கு வந்தது. உழைத்து முன்னேற விரும்பிய குடும்பங்களுக்கு இது வாய்ப்பாக அமைந்தது. ஆனால் ஏரி யாருடைய பட்டாவிலும் இல்லை. ஊரார் தாமே செய்துவந்த மராமத்து தளர்ந்தது. 1858-இல் சென்னை மாகாணத்துக்கென இயற்றப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம் குடிமராமத்தைச் சட்டத்தால் நிலைநிறுத்தப் பார்த்தது. தாமாகச் செய்தவரைச் சட்டம் போட்டுச் செய்யச் சொல்லும்போது, அந்த வேலை அவர்களுடையது என்ற எண்ணம் ஏற்கனவே போய்விட்டது என்றுதான் பொருள். விடுதலைக்குப் பின் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் சென்றன.

சைதாப்பேட்டைப் பாடம்

உழவருக்கு மேலாண்மை தெரியாது, நாம் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் பழமையானது. சென்னை ஆளுநர் சர் வில்லியம் டெனிசன் காலத்தில், 1865-இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சைதாப்பேட்டையில் ஒரு சோதனைப் பண்ணை தொடங்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை உட்படப் பல கருவிகள் வரவழைக்கப்பட்டன. 1876-இல் அங்கு வேளாண் கல்வியும் தொடங்கியது. பிற்காலத்தில் அக்கல்வி கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, இன்றைய வேளாண் பல்கலைக்கழகத்துக்கு வேராயிற்று.

கல்வி நிலைத்தது, நீராவிக் கலப்பை நிலைக்கவில்லை. சிறு வயல்களும் மெலிந்த மாடுகளும் கொண்ட ஊருக்கு அது ஒவ்வாதது. இந்திய வேளாண்மையை ஆராய 1889-இல் அனுப்பப்பட்ட ஆங்கில வேதியியலர் வோல்க்கர், நாடு முழுவதும் சுற்றிப் பார்த்து 1893-இல் அறிக்கை வெளியிட்டார். இந்திய உழவர் ஆங்கில உழவருக்குத் திறனில் குறைந்தவர் அல்லர், சிலவற்றில் மேம்பட்டவர் என்பதே அவருடைய கருத்து. எரு, நீர், முதல் ஆகியவை கிடைக்காததே குறை என்றார். திறனின் குறைவையும் வசதியின் குறைவையும் பிரித்தறிய வேண்டும் என்ற அந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்தும்.

விதை, கிணறு, மின்சாரம்

திருவள்ளூரை அடுத்த திரூரில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் 1952-இல் டி.கே.எம். 6 என்ற நெல் இரகத்தை வெளியிட்டது. ஜி.இ.பி. 24, கோ 18 ஆகியவற்றை இணைத்து உருவான இந்த இரகம் தண்டுத் துளைப்பானைத் தாங்கக்கூடியது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஐ.ஆர். 20-க்கு இதுவே பெற்றோரில் ஒன்று. 1980-களில் உலகில் மிகப் பரவலாகப் பயிரான ஐ.ஆர். 36-இன் மரபிலும் இது உண்டு. திருவள்ளூர் மண்ணில் தேர்ந்தெடுத்த நெல் பல நாட்டு வயல்களுக்குச் சென்றது இந்த வட்டாரத்தார் பெருமைப்படத்தக்க செய்தி.

குறுகிய கால இரகங்களால் சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற மூன்று பட்டங்களையும் நெருக்கமாக அமைக்க முடிந்தது. ஏரி நீர் சம்பாவுக்கு உதவும். நவரைக்கும் சொர்ணவாரிக்கும் கிணறு வேண்டும். எனவே கிணறும் பம்புசெட்டும் பெருகின. 1990-இல் தமிழ்நாட்டில் உழவர் அனைவருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாயிற்று.

இதனால் மேலாண்மையின் தன்மையே மாறியது. ஏரிப் பாசனத்தில் ஊரோடு சேர்ந்து விதைக்க வேண்டும். கிணறு உள்ளவர் தாம் விரும்பிய நாளில் விதைக்கலாம். உரம், மருந்து, வங்கிக் கடன், விற்பனை ஆகிய எல்லாவற்றையும் தாமே திட்டமிடலாம். கிணறு வெட்ட முடிந்தவர் முன்னேறினார். முடியாதவர் பக்கத்துக் கிணற்றில் நீர் வாங்கினார் அல்லது நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். அதே வேளையில், எல்லோருக்கும் கிணறு கிடைத்த ஊரில் ஏரியின் வரத்துக்காலைத் தூர் வார ஆள் வரவில்லை.

நீர் நகரத்துக்குப் போனது

கொசத்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் சென்னையின் குடிநீருக்கானது. 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வுக்குப் பின், ஆரணியாறு–கொசத்தலையாற்றுப் படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து நகருக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீர் எடுக்கப்பட்டது. உழவர்களும் இறைத்தனர். இரண்டும் சேர்ந்ததால் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகள் பல உப்பாயின. 1987-இல் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் முறைப்படுத்தும் சட்டம் வந்தது.

2000-க்குப் பின் வந்த வறட்சிகளில் சென்னைக் குடிநீர் வாரியம் இப்பகுதி உழவர்களின் கிணறுகளிலிருந்தே நீரை விலைக்கு வாங்கியது. தனியார் லாரிகளும் வாங்கின. ஓர் உழவரின் நிலையில் இருந்து பாருங்கள். நெல் வைத்தால் மழை, பூச்சி, ஆள் கூலி, விலை என நான்கு கவலை. நீரை விற்றால் மாதந்தோறும் பணம், செலவு இல்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்த எவரும் நீரை விற்கவே முடிவு செய்வார். அதைத் தவறான மேலாண்மை என்று சொல்ல முடியாது.

ஆனால் நிலத்தடி நீர் வரப்பு பார்த்து நிற்பதில்லை. ஒருவர் விற்றால் அடுத்தவர் கிணறும் இறங்கும். கிணறு வற்றிய பக்கத்து வயல்காரர் நடவை நிறுத்துவார். வயல் கூலியை நம்பிய குடும்பத்துக்கு வேலை போகும். அக்குடும்பத்துக்கு நீர் விற்ற பணத்தில் பங்கு கிடையாது. தனித்தனியே பார்த்தால் சரியான முடிவுகள் சேர்ந்து ஊருக்கு இழப்பாயின. பழைய ஏரி வாரியம் கவனித்த பொறுப்பை ஏற்க யாரும் இல்லாததன் விளைவு இது.

ஆலைகள் வந்த பின்

1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அமைத்தது. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையும் இரயில் பாதையும் அருகில் இருந்ததால் இரும்பு, இரசாயனம், வாகன உதிரி பாகம் எனப் பல ஆலைகள் வந்தன. எண்ணூர், மணலி, காட்டுப்பள்ளி என்று மின்நிலையங்களும் துறைமுகங்களும் வளர்ந்தன. பின்னர் தேர்வாய் கண்டிகையில் மேய்க்கால் நிலத்தில் மற்றொரு தொழிற்பூங்கா வந்தது. ஆடு மாடு மேய்க்கவும் ஏரிக்கு நீர் வரவும் அந்த நிலம் வேண்டும் என்று ஊர் மக்கள் நெடுநாள் போராடினர். மேய்க்கால் என்பது அரசுக் கணக்கில் புறம்போக்கு. ஊர்க் கணக்கில் அது பண்ணையின் ஓர் உறுப்பு. மேய்ச்சல் போனால் மாடு போகும். மாடு போனால் எரு போகும். எரு போனால் உரத்துக்குக் கடன் வாங்க வேண்டும்.

அதே பகுதியில் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்துக் கட்டிய நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. 50 கோடி கன அடி கொள்ளளவுள்ள இதுவும் சென்னையின் குடிநீருக்கே.

ஆலைகளால் தீமை மட்டுமே விளைந்தது என்பது நேர்மையான மதிப்பீடு ஆகாது. படியாள் முறையிலிருந்து வெளியேற விரும்பிய குடும்பங்களுக்கு ஆலைக் கூலி, சாதி கேட்காத வருமானமாக இருந்தது. பிள்ளைகள் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்தனர். ஆள் கூலி உயர்ந்ததே முந்தைய அநீதி குறைந்ததன் அடையாளம். ஆனால் வயலை நடத்துபவருக்கு அந்தக் கூலியே பெரிய சவாலாயிற்று. நடவு ஆளுக்குப் பதில் நடவு இயந்திரம், அறுவடை ஆளுக்குப் பதில் மணி வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரம் என மாற வேண்டியிருந்தது.

இன்றைய பண்ணை வகைகள்

அமெரிக்காவில் 1935-இல் சுமார் 68 இலட்சம் பண்ணைகள் இருந்தன. 2022-இல் சுமார் 19 இலட்சம். சராசரிப் பரப்பு 463 ஏக்கர். திறமையும் முதலும் உள்ளவர் மற்றவர் நிலத்தையும் சேர்த்துப் பெரிதாவது அங்குள்ள போக்கு. தமிழ்நாட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். வேளாண் கணக்கெடுப்பின்படி 1970–71-இல் 1.45 எக்டேராக இருந்த சராசரிக் கைப்பற்று 2015–16-இல் 0.75 எக்டேர் ஆயிற்று. எனவே இங்கு மேலாண்மைத் திறன் பண்ணையின் பரப்பில் தெரிவதில்லை. அது நடத்தப்படும் முறையில் தெரிகிறது. திருவள்ளூர்ப் பகுதியில் பின்வரும் வகைகளைக் காணலாம்.

1. பகுதிநேரப் பண்ணை. வீட்டில் ஒருவர் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்க, நிலமும் நடக்கிறது. அடிக்கடி கவனிப்புத் தேவைப்படாத நெல், மா, சவுக்கு போன்றவை இதற்கு ஏற்றவை. ஆண் ஆலைக்குப் போகும் வீட்டில் உண்மையில் பண்ணையை நடத்துபவர் பெரும்பாலும் பெண். பட்டாவும் வங்கிக் கணக்கும் அவர் பெயரில் இல்லாவிட்டால் பயிர்க்கடனோ மானியமோ அவர் கைக்கு நேராக வருவதில்லை.

2. குத்தகைப் பண்ணை. சொந்த நிலம் குறைவாக உள்ள திறமையான உழவர், வெளியூரில் வாழ்வோரின் நிலங்களைச் சேர்த்துப் பயிரிடுகிறார். ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்ப்பேச்சு. குத்தகைதாரரின் உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், பதிவு செய்தால் நிலம் போய்விடுமோ என்று உடைமையாளர் அஞ்சுகிறார். பதிவு இல்லாததால் இழப்பீடும் காப்பீடும் குத்தகைதாரருக்குக் கிடைப்பது கடினம்.

3. சந்தைப் பண்ணை. கீரை, காய்கறி, மல்லிகை ஆகியவற்றைப் பயிரிட்டு 1996-இல் தொடங்கிய கோயம்பேடு சந்தைக்கும், 1999 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் உழவர் சந்தைகளுக்கும் அனுப்புவோர். பூ விடிவதற்குள் பறிக்கப்பட வேண்டும். கீரை வாடுமுன் போய்ச்சேர வேண்டும். பரப்பு சிறிதாக இருந்தாலும் நாள்தோறும் கவனம் கேட்பது இதுவே.

4. முதலீட்டு நிலம். விலை ஏறும் என்று வாங்கி வேலி போட்டது. நான்கு மரம் இருக்கும், காவலாளி இருப்பார், உழவர் இருக்கமாட்டார். இதை அடுத்த நிலை வீட்டு மனை. ஏரியின் பாசன வாய்க்கால் மனைப் பிரிவின் நடுவே போனால், அதற்குக் கீழுள்ள உழவரின் திறன் எவ்வளவு இருந்தும் பயன் இல்லை.

திருந்திய நெல் சாகுபடி தரும் சான்று

மேலாண்மையின் ஆற்றலைக் காட்டத் திருந்திய நெல் சாகுபடி நல்ல எடுத்துக்காட்டு. மடகாஸ்கரில் 1980-களில் லோலானி என்ற பாதிரியார் உருவாக்கிய இம்முறையில் புதிய விதை இல்லை. புதிய உரமும் இல்லை. ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை, 14 நாள் நாற்று, குத்துக்கு ஒரே நாற்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர், களைக்கருவியால் மண்ணைக் கிளறுதல் ஆகியவையே இதன் கூறுகள். முழுக்க முழுக்க முறையின் மாற்றம். தமிழ்நாட்டில் 2000-க்குப் பின் இது பரவியது.

ஆனால் இதற்கு வேண்டிய நாளில் நீரும், வேண்டிய நாளில் ஆளும் கிடைக்க வேண்டும். நாற்று 14 நாளில் ஆயத்தமாக இருக்க, மதகு 20-ஆம் நாள் திறந்தால் கணக்குத் தவறும். அதனால் சொந்தக் கிணறு உள்ளவருக்கு எளிதாக இருந்த முறை, ஏரியை மட்டும் நம்பியவருக்கு எளிதாக இல்லை. ஒருவரின் திறன் முழுப் பலன் தர, அவரைச் சுற்றியுள்ள நிர்வாகமும் திறனோடு இருக்க வேண்டும்.

கூட்டாக நடத்துதல்

இதை உணர்ந்து அரசும் சில முயற்சிகளைச் செய்துள்ளது. பாசன அமைப்புகளை உழவர்களே மேலாண்மை செய்வதற்கான தமிழ்நாட்டுச் சட்டம் 2000-இல் இயற்றப்பட்டது. 2017-இல் குடிமராமத்துப் பெயரிலேயே ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் வந்தது. 2017–18-இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 உழவர்கள் ஓர் ஆர்வலர் குழுவாகவும், 100 உழவர்கள் ஓர் உற்பத்தியாளர் குழுவாகவும் சேர்க்கப்பட்டனர். பொதுவாக இயந்திரம் வாங்க ஒரு குழுவுக்கு 5 இலட்சம் ரூபாய் அளிக்கப்பட்டது. இக்குழுக்கள் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களாக வளர வேண்டும் என்பது நோக்கம்.

சிறு உழவர் தனியாக ஒரு டிராக்டர் வாங்கினால் பெரும்பாலான நாள்கள் அது கொட்டகையில் நிற்கும். கடன் மட்டும் ஓடும். 100 பேர் சேர்ந்து வாங்கினால் அது வேலை செய்யும். ஆனால் யார் வயலுக்கு முதலில், டீசலுக்கு யார் கணக்கு, பழுதானால் யார் பொறுப்பு என்ற கேள்விகள் உடனே எழும். உத்திரமேரூர் சபை கணக்குக் காட்டாதவரை ஏன் விலக்கியது என்பது அப்போது புரியும். இயந்திரத்தைப் பணத்தால் வாங்கலாம். வரிசை முறை, கணக்கேடு, கூட்டம் கூடிப் பேசும் பழக்கம் ஆகியவற்றை உறுப்பினர்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

பழைய ஊர் நிர்வாகத்தின் குறையையும் மறக்கலாகாது. அதில் பங்கு உள்ளவருக்கே குரல் இருந்தது. இன்றைய குழுவிலும் பட்டா உள்ளவர் மட்டுமே உறுப்பினர் என்றால், குத்தகைதாரரும் வயலை நடத்தும் பெண்களும் கூலி வேலை செய்வோரும் மீண்டும் வெளியே நிற்பர். பயிரைப் பற்றி மிகுதியாக அறிந்தவர்கள் அவர்களே.

முடிவுரை

திருவள்ளூர்ப் பகுதியில் வேளாண் முடிவுகள் ஊரிடமிருந்து பட்டாதாரருக்கும், ஏரிகளின் நிர்வாகம் அரசுத் துறைக்கும், நீரும் நிலமும் நகரத்துக்கும் ஆலைக்கும் எனப் படிப்படியாகக் கைமாறின. ஒவ்வொரு மாற்றத்திலும் பண்ணையின் அமைப்பும் மாறியது. எல்லாக் காலத்திலும் உழவரிடம் திறன் இருந்தது. அந்தத் திறனோடு நீரின் மீதும் நிலத்தின் மீதும் முடிவெடுக்கும் உரிமை சேர்ந்திருந்ததா என்பதே காலத்துக்குக் காலம் வேறுபட்டது.

ஆகவே, வயல் தரிசாகக் கிடப்பதைப் பார்த்து, உழவருக்கு நடத்தத் தெரியவில்லை என்று சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நீர் யார் கையில் இருக்கிறது? நிலத்தின் எழுத்து யார் பெயரில் இருக்கிறது? விலையை யார் சொல்கிறார்கள்? இந்த மூன்றிலும் உழவருக்கு இடம் உள்ள ஊரில் அரை ஏக்கர் மல்லிகையும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும். மாணவர்கள் தங்கள் ஊர் ஏரியின் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, மதகைக் கடைசியாகத் திறந்து மூடியவர் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். பல ஊர்களில் அதைச் சொல்லக்கூடியவர் இன்னும் ஒருவரோ இருவரோ இருக்கிறார்கள்.